மணி ஒன்றரைக்குப் பிறகு: தனியார் இடைநிலைப் பாடசாலை பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையில், கடலோரத்தில் உள்ள சிறிய தனியார் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறேன். இணைபாடவிதானச் செயற்பாடுகளுக்கும் நானே பொறுப்பு. முன்பு பல வருடங்கள் அரச பாடசாலையில் இருந்தவள். ஒவ்வொரு தவணை தொடங்கும்போதும் வாசலில் நின்று பெற்றோர் கேட்கும் கேள்விகளை ஒரு கொப்பியில் குறித்து வைத்திருந்தேன். அவற்றுக்கான பதில்கள் இவை. எங்கள் பாடசாலையின் பெயரை எழுதவில்லை. தரம் 6 முதல் உயர்தரம் வரை பிள்ளைக்கு எந்தப் பாடசாலையைத் தேடுபவருக்கும் இவை பயன்பட வேண்டும் என்பதே என் விருப்பம்.

அரச பாடசாலை இலவசமாக இருக்கும்போது பணம் கட்டி ஏன் படிக்க வைக்க வேண்டும்?

கட்டாயம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைய கல்வி அமைச்சர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா 1945இல் கொண்டுவந்த இலவசக் கல்வியில் படித்துத்தான் நானும் ஆசிரியையானேன். எங்கள் மட்டக்களப்பில் நல்ல பாடசாலைகளுக்குக் குறைவில்லை. மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814இல் தொடங்கியது. வின்சன்ட் மகளிர் உயர்தரப் பாடசாலை 1820, புனித மிக்கேல் கல்லூரி 1873, கல்லடியில் விபுலானந்த அடிகள் நிறுவிய சிவானந்தா 1929. மிஷன்களும் மடங்களும் தொடங்கிய இந்தப் பாடசாலைகள் இன்று அரசின் பொறுப்பில் இருக்கின்றன. உங்கள் பிள்ளை அங்கே சந்தோஷமாகப் படிக்கிறாள் என்றால் அவளை இடம் மாற்றாதீர்கள்.

எங்களிடம் வந்து பயன்பெறுபவர்கள் சிலர் உண்டு. நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் கடைசி வாங்கில் யார் கண்ணிலும் படாமல் இருக்கும் பிள்ளை, வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பிள்ளை, ஆங்கில மொழியில் படிக்க உண்மையாகவே விரும்பும் பிள்ளை. நீங்கள் கட்டும் கட்டணத்துக்கு ஆசிரியரின் கவனம் கிடைக்கும். புள்ளிகளைப் பிள்ளைதான் எடுக்க வேண்டும்.

தனியார் பாடசாலை, சர்வதேசப் பாடசாலை இரண்டும் ஒன்றா?

பேச்சில் ஒன்றாகச் சொல்கிறோம், சட்டத்தில் வேறு. 1960இலும் 1961இலும் வந்த சட்டங்களால், அரசின் நிதியுதவி பெற்றுவந்த பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசிடம் போயின. ஒரு சில மட்டும் தனியாகவே இருக்க முடிவு செய்தன. அவை கல்வி அமைச்சின் அங்கீகாரம் பெற்ற தனியார் பாடசாலைகள். பின்னாளில் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்து தொடங்கப்பட்டவை சர்வதேசப் பாடசாலைகள். அவற்றின் மீது அமைச்சுக்கு முன்னவை அளவுக்குப் பிடி கிடையாது. எங்கள் பாடசாலையும் இந்த இரண்டாவது வகைதான். அதனால்தான் பெற்றோர் கூடுதலாகக் கேள்வி கேட்க வேண்டும் என்று நானே சொல்கிறேன். ஆசிரியர்களின் தகைமை என்ன, அவர்களில் எத்தனை பேர் மூன்று வருடத்துக்கு மேல் அங்கே நிலைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். வருடா வருடம் ஆசிரியர் மாறும் பாடசாலையில் கட்டடம் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

பிள்ளை எந்தப் பரீட்சை எழுதும்?

சேர்க்கும் நாளிலேயே கேட்டுவிட வேண்டிய கேள்வி இது. சில பாடசாலைகள் இங்கிலாந்துப் பரீட்சைகளுக்குத் தயார்ப்படுத்துகின்றன, சில உள்ளூர்ப் பாடத்திட்டத்தைப் படிப்பிக்கின்றன, சில இரண்டையும் வைத்திருக்கின்றன. எங்களிடம் உள்ளூர்ப் பாடத்திட்டம்தான். தரம் 11 முடிவில் எழுதும் கல்விப் பொதுத் தராதர (க.பொ.த.) சாதாரண தரத்துக்கு ஒன்பது பாடங்கள். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் கட்டாயம். மற்ற மூன்றைத் தொகுதிப் பாடங்களிலிருந்து தெரிவு செய்யலாம். 75 புள்ளியிலிருந்து ஏ, 65இலிருந்து பி, 50இலிருந்து சி, 35இலிருந்து எஸ் (சாதாரண சித்தி).

சர்வதேசப் பாடசாலைப் பிள்ளைகள் உள்ளூர்ப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்திகளாகவே தோற்றுகிறார்கள். விண்ணப்பத்தைப் பெற்றோரும் கவனிக்க வேண்டும், முடிவுத் திகதியைத் தவறவிடக் கூடாது. பாடசாலை பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. சமயம் கட்டாய பாடம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சைவநெறி, இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் என்று பிள்ளைகள் கலந்திருக்கும் எங்கள் கரையோரத்தில், உங்கள் பிள்ளையின் சமயத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

ஆங்கில மொழியில் படித்தால் தமிழ் போய்விடாதா?

கவனிக்காவிட்டால் போய்விடும். தரம் 9 பிள்ளை ஒருவர் எங்களிடம் புதிதாக வந்தார். ஆங்கிலத்தில் அழகாகப் பேசுவார். அம்மம்மாவுக்குக் கடிதம் ஒன்று எழுதச் சொன்னபோது நான்கு வரியோடு பேனாவை வைத்துவிட்டார். அம்மம்மா திருக்கோவில் என்ற ஊரில் இருக்கிறார், ஆங்கிலம் தெரியாது. அந்தக் கடிதத்தை மூன்று வாரம் எழுதினோம். முதல் வாரம் சொற்கள், இரண்டாம் வாரம் வசனங்கள், மூன்றாம் வாரம்தான் அவர் உண்மையில் சொல்ல நினைத்தது வந்தது.

எங்களிடம் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில். தமிழ், சமயம், வரலாறு மூன்றும் தமிழில்தான். தமிழை இரண்டாம் மொழியாக மட்டும் வைத்திருக்கும் பாடசாலை என்றால் வீட்டில் நீங்கள் ஈடு செய்ய வேண்டியிருக்கும்.

காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகளைப் பிள்ளைகளுக்கு அடிக்கடி நினைவூட்டுவேன். கல்முனையிலும் புனித மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலத்தில் படித்தவர், விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞான ஆசிரியராக இருந்தவர். அந்தப் படிப்பைக் கொண்டுதான் பழந்தமிழ் இசையைக் கணக்கிட்டு யாழ் நூலை எழுதினார். அது 1947இல் வெளிவந்தது. ஆங்கிலமும் தமிழும், கணிதமும் இசையும் ஒரே பிள்ளைக்குள் இருக்க முடியும் என்பதற்கு எங்கள் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது.

தனியார் பாடசாலையில் படித்தால் மாவட்டக் கோட்டா இல்லாமல் போகுமா?

இந்தப் பயம் பரவலாக இருக்கிறது. அரச பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் கொடுக்கப்படுகிறது. அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் மட்டக்களப்பும் இருக்கிறது, அம்பாறையும் இருக்கிறது. உள்ளூர் உயர்தரப் பரீட்சையை எழுதும் பிள்ளைக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்காக, வெவ்வேறு பாடப் புள்ளிகளைச் சமப்படுத்திக் கணிப்பது) கிடைக்கும், வழியும் இதுதான். வதிவிடத்தைக் காட்டும் ஆவணங்களைப் பிள்ளை உயர்தரம் தொடங்கும்போதே சேர்த்து வையுங்கள். லண்டன் உயர்தரம் எழுதும் பிள்ளைக்கு இசட் புள்ளிப் பட்டியல் கிடையாது. அவருடைய பாதை வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அல்லது கட்டணப் பட்டப்படிப்பு என்று எண்ணியே வீட்டில் பணத்தைத் திட்டமிட வேண்டும். பரீட்சையைத் தெரிவு செய்வதற்கு முன் இதைப் பேசிவிடுங்கள். பதினேழு வயதில் பேசினால் பிந்திவிடும்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை ஏழரைக்கு மணி அடிக்கும், ஒன்றரைக்குப் பாடங்கள் முடியும். அரச பாடசாலை நேரம்தான் இது. பிறகு சோறு. இரண்டே காலிலிருந்து ஒரு மணி நேரம் வகுப்பறையில் அமைதியாக வீட்டுப்பாடம், விளங்காததைக் கேட்க ஆசிரியர் இருப்பார். வெயில் சாயும்போது, மூன்றரைக்கு, மைதானம் அல்லது மண்டபம். ஐந்து மணிக்கு வான்கள் புறப்படும். வாரத்தில் மூன்று நாள் இப்படி, மற்ற இரண்டு நாளும் ஒன்றரைக்கே வீட்டுக்கு.

விளையாட்டு, கூத்து என்று போனால் படிப்புக் கெடாதா?

எல்லாப் பெற்றோரும் கேட்பது இது. ஒரு வருடம் நாங்களும் இப்படித்தான் பயந்தோம். தரம் 11 பிள்ளைகளைச் சாதாரண தரம் முடியும் வரை மைதானத்திலிருந்து நிறுத்தி, அந்த நேரத்துக்கும் வகுப்பு வைத்தோம். நான்தான் முன்னின்று செய்தேன், பிழை என்னுடையது. மூன்றாவது கிழமைக்குள் பிள்ளைகள் மேசையில் தலை வைத்துத் தூங்கினார்கள். நான்கு மணிக்கு எழுதிய விடையை மறுநாள் காலையில் காட்டினால், தாங்கள்தான் எழுதினோம் என்பதையே நம்பவில்லை. அந்தத் தவணைப் புள்ளிகளில் ஏற்றம் எதுவும் இல்லை. சண்டைகள்தான் கூடின. அடுத்த தவணையே மைதானத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு எங்கள் மைதானத்தில் சுற்றுக்கு 200 மீற்றர் ஓடுபாதை போடுவோம். கோடு போடுவது தரம் 10 பிள்ளைகளின் வேலை. காலை ஆறரைக்குக் கயிறு, முளைக்கட்டை, அளவு நாடா, சுண்ணாம்பு வாளி எல்லாம் வந்துவிடும். வெளிப்பக்கப் பாதையில் ஓடுபவர் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருப்பதால் அவரை எவ்வளவு முன்னால் நிறுத்துவது என்பது கேள்வி. ஒரு பாதையின் அகலம் 1.22 மீற்றர். முழுச் சுற்று ஒன்றுக்கு இரண்டு அரைவட்டம் சேர்ந்து ஒரு வட்டம். கணக்குப் போட்டால் 2 பெருக்கல் பை பெருக்கல் 1.22, அதாவது 7.67 மீற்றர். ஒவ்வொரு பாதைக்கும் அவ்வளவு முன்னே. (உள்விளிம்பில் கட்டு வைத்த பெரிய அரங்குகளில் இரண்டாம் பாதைக்கு மட்டும் அது 7.04 ஆகும். எங்களுடையது வெறும் சுண்ணாம்புக் கோடு.)

அந்த வருடம் கணக்கை வைத்திருந்த மாணவன் ஓட்டப் போட்டி எதிலும் சேராதவன். சுண்ணாம்பு படிந்த கையோடு என்னிடம் ஓடி வந்தான். "ரீச்சர், ஆரையைக் காணவில்லை!" ஆரை என்றால் வட்டத்தின் அரைவிட்டம். 400 மீற்றர் அரங்குக்கும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறான், அங்கேயும் அதே 7.67. மைதானம் சிறிதோ பெரிதோ, ஒரு சுற்றுக்கு வித்தியாசம் ஒன்றுதான், ஏனென்றால் கழிக்கும்போது ஆரை வெட்டுப்பட்டுப் போய்விடுகிறது. அட்சரகணிதத்தில் உறுப்புகள் வெட்டுப்படுவதைக் கரும்பலகையில் நூறு தரம் எழுதியிருப்பேன். அவனுக்கு அது விளங்கியது அன்று காலை, புல்லின் மேல்.

என் மகனுக்கு எந்த விளையாட்டும் வராது. அவன் என்ன செய்வான்?

மேலே சொன்ன மாணவனைப் பாருங்கள். ஓட்டப் போட்டிக்கு நேரம் எடுக்க, புள்ளிப் புத்தகம் எழுத, முதலுதவிப் பெட்டியோடு நிற்க ஆட்கள் வேண்டும். சதுரங்கம் இருக்கிறது, சாரணர் இருக்கிறது, விவாதக் குழு இருக்கிறது. தரம் 6, 7 பிள்ளைகள் வருடத்துக்கு மூன்று செயற்பாடுகளையாவது தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. தரம் 8இல் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்.

மட்டக்களப்பில் கூடைப்பந்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

அமெரிக்க இயேசுசபைக் குருமார் விதைத்தது அது. புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய யூஜின் ஹெபியர் அடிகளை மூத்தவர்கள் இன்றும் நினைக்கிறார்கள். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர் வந்து சேரவில்லை. மட்டக்களப்பு விளையாட்டரங்குக்கு அவரைப் போலவே இயேசுசபைக் குருவான வெபர் அடிகளின் பெயர். எங்கள் பிள்ளைகள் வெபர் மைதானத்துக்குப் போட்டி பார்க்கப் போகும்போது இந்த இரண்டு பெயர்களையும் சொல்லித்தான் கூட்டிப் போவேன்.

கூத்து எதற்கு? கோயில் திருவிழாவில் ஆடுவதைப் பாடசாலையில் ஏன் பழக்குகிறீர்கள்?

இது என் மனதுக்கு நெருக்கமான கேள்வி. நாடகமும் அரங்கியலும் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் ஒரு பாடம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். புள்ளிக் கணக்குப் பார்ப்பவருக்கும் அதில் இடம் இருக்கிறது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனை மாணவர்களைக் கொண்டு கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். அந்த மாணவர்களில் ஒருவரான மட்டக்களப்பின் சி. மௌனகுரு பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். கூத்தாடினால் படிப்பு வராது என்று சொல்பவருக்கு வேறு பதில் எதற்கு?

எங்களுக்குப் பழக்க வருபவர் அயல் கிராமத்து அண்ணாவியார், கூத்து ஆசான். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சனிக்கிழமை காலை மத்தளத்தோடு வருவார். வடமோடி என்ற கூத்து வகையில் ஒரு பகுதி மட்டும்தான் ஆடுகிறோம், விடிய விடிய ஆடும் முழுக் கூத்துக்குப் பாடசாலையில் நேரம் இல்லை. ஆனால் முறையை விடவில்லை. சட்டம் கொடுத்து (அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டுகளை வழங்கி), ஆட்டம் பழக்கி, சதங்கை கட்டி, பிறகுதான் அரங்கேற்றம். பிள்ளை தாளம் தப்பினால் அவர் ஏச மாட்டார். மத்தளத்தில் கையை நிறுத்திவிட்டு எங்கோ பார்ப்பார். சல்லாரி என்ற கைத்தாளமும் நின்றுவிடும். அந்த நிசப்தத்தில் யார் தப்பினார்கள் என்று பன்னிரண்டு பிள்ளைகளும் தங்களுக்குள்ளேயே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துத் தலையசைத்ததும் கை மறுபடி தோலில் விழும். நான் இருபது வருடமாகப் பிழை திருத்துகிறேன், சிவப்புப் பேனாவால். அவர் திருத்தும் விதத்தை இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

கூத்தாடும் வட்டக்களரியில் நாலு பக்கமும் ஆட்கள் இருப்பார்கள், முதுகு காட்டி ஒளிய இடம் இல்லை. ஆட விரும்பாத பிள்ளை கொப்பி பார்க்கலாம், பிற்பாட்டுப் பாடலாம். முன்பு பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினார்கள். எங்களிடம் பெண் பிள்ளைகள் அரசனாகவும் ஆடுகிறார்கள். அண்ணாவியார் முதல் நாள் சற்றுத் தயங்கினார். இப்போது அவரே கூத்து உடையான வில்லுடுப்பைக் கட்டிவிடுகிறார்.

மகளை ஐந்து மணி வரை விடலாமா?

பயப்படுவது நியாயம். ஐந்து மணி வான் அவளை வீட்டு வாசலில்தான் இறக்கும், சந்தியில் இறக்கிவிட்டுப் போகாது. பெண் ஆசிரியை ஒருவர் கடைசி வான் போகும் வரை இருப்பார். வேறு பாடசாலை என்றால் இந்த இரண்டையும் கேட்டு உறுதி செய்யுங்கள். ஆனால் மகனை விட்டு மகளை மட்டும் ஒன்றரைக்கே அழைத்துப்போவேன் என்று சொல்லாதீர்கள். மைதானம் அவளுக்கும் உரியது.

ரியூசன் வேண்டுமா?

உயர்தரத்தில் ஒரு பாடத்துக்கு வேண்டியிருக்கலாம். தரம் 6இல் ஐந்து பாடத்துக்கும் அனுப்புவதைத்தான் நான் எதிர்க்கிறேன். ஒன்றரைக்கு வீட்டுக்கு வந்து, சோற்றை நின்றபடி சாப்பிட்டு, இரண்டு மணிக்குச் சைக்கிளில் ஒரு வகுப்பு, நான்குக்கு இன்னொன்று, ஆறுக்கு மற்றொன்று. பதினொரு வயதுப் பிள்ளை படித்ததை நினைத்துப் பார்க்க நேரம் எங்கே? ஒரே பாடத்தைப் பாடசாலையில் ஒருவரும் வெளியில் ஒருவரும் வெவ்வேறு முறையில் சொல்லும்போது பிள்ளை இரண்டையும் மனனம் செய்கிறது. பாடசாலைக்கும் கட்டணம் கட்டி ரியூசனுக்கும் கட்டுகிறீர்கள் என்றால், வகுப்பில் என்ன குறை என்று எங்களிடம் வந்து கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நோன்பு காலத்தில் என்ன செய்வீர்கள்?

நோன்பு பிடிக்கும் பிள்ளைகளுக்கு அந்த மாதம் மைதானப் பயிற்சி இல்லை. மற்றப் பிள்ளைகளும் அவர்களோடு சேர்ந்து சதுரங்கம், விவாதம், சித்திரம் என்று மண்டபத்துக்குள் இருப்பார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நேரம் விட்டு மணி அடிக்கும். கண்ணகை அம்மன் குளிர்த்திச் சடங்குக்கு ஊருக்குப் போகும் பிள்ளைகளுக்கும் லீவு உண்டு.

கட்டணத்தைத் தவிர வேறு என்ன செலவு?

சேர்வுக் கட்டணம், தவணைக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், வான், சீருடை, விளையாட்டுச் சப்பாத்து, கல்விச் சுற்றுலா. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதித் தராத பாடசாலையில் கையொப்பம் இடாதீர்கள். சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து வேளாண்மைக் குடும்பங்களுக்கு ஜனவரி கையில் காசு இல்லாத மாதம், பெரும்போக அறுவடை அதற்குப் பிறகுதான். அறுவடை முடிந்து கட்டுவதாக எழுதிக் கொடுத்தால் எங்கள் நிர்வாகம் ஏற்கிறது. அதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

மழைக்காலத்தில்?

கார்த்திகை, மார்கழியில் மைதானம் குளமாகிவிடும். அப்போது விவாதமும் கூத்துப் பாட்டும்தான். வெள்ளம் வந்தால் பாடசாலை மூடப்படும், வான் சாரதி முதல் நாள் இரவே அறிவிப்பார்.

சேர்ப்பதற்கு முன் வந்து பார்க்கலாமா?

வாருங்கள். பரிசளிப்பு விழா அன்று வராதீர்கள், அன்று எல்லாப் பாடசாலையும் அழகாகத்தான் இருக்கும். சாதாரண நாள் ஒன்றில், மூன்றரை மணிக்கு, பிள்ளையையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். வாசலில் பெயரை எழுதிவிட்டு அலுவலகத்துக்குள் போகாமல் நேராக மைதானத்துக்கு வரலாம். உங்கள் பிள்ளைக்கு மாற்றுச் சப்பாத்து ஒன்று கொண்டுவாருங்கள். விளையாட விட்டுவிட்டு, வேலியோரம் உள்ள வாகை மரத்தடி வாங்கில் நாம் இருந்து கதைக்கலாம்.